டிஸ்க் மாற்ற விமானம் ஏறலாமா?

உலகத்திலேயே அதிகமாகக் கிண்டல் செய்யப்படும் வியாதி எது என்று கேட்டால் இடுப்பு வலி என்று சொல்லிவிடலாம். காய்ச்சல் என்றால் தெர்மாமீட்டர் காட்டிக்கொடுக்கும். கை உடைந்தால் மாவுக்கட்டு இருக்கும். இடுப்பு வலிக்கு அப்படி ஒரு சாட்சியும் கிடையாது. ஆபீசில் லீவு கேட்டால் மேனேஜர் ஒரு மாதிரி பார்ப்பார். கேஸ் சிலிண்டரைத் தூக்க முடியாது என்றால் வீட்டில் "நல்ல சாக்கு" என்பார்கள். இந்த வலிக்காக ஒருவர் வீட்டின் மேல் கடன் வாங்கி, வேறொரு நாட்டுக்குப் பறந்து, வயிற்றைக் கிழித்து முதுகெலும்புக்குள் உலோகம் வைத்துக்கொண்டு திரும்பி வருகிறார் என்றால்? கேட்பவர்களில் பாதிப் பேர் "பைத்தியமா அவருக்கு?" என்பார்கள். மீதிப் பேர் "அங்கே எவ்வளவு சீப்?" என்பார்கள்.

முதலில் கேட்க வேண்டியது வேறொன்று. சொந்த ஊரில் அவருக்கு "இல்லை" என்று சொன்னது யார்? ஏன் சொன்னார்கள்? அதற்கு முன்னால், சங்கதி என்ன என்று தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம்.

முதுகெலும்பு ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிய எலும்புக் கட்டைகள். கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே ஒரு மெத்தை. அதுதான் டிஸ்க். மொத்தம் 23. வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே ஜெல்லி மாதிரி ஒரு சமாச்சாரம். வயதாக ஆக ஜெல்லி காய்கிறது, மெத்தை அமுங்குகிறது. உடம்பின் பாரம் முழுவதும் வந்து விழும் கடைசி இரண்டு மெத்தைகளுக்குத்தான் அடி அதிகம். வலி வருடக்கணக்கில் விடாமல் இருந்து, மாத்திரை, பிசியோதெரபி, ஊசி எதற்கும் மசியவில்லை என்றால் ஆபரேஷன் பேச்சு வருகிறது. பழைய வழி, கெட்டுப்போன டிஸ்கை எடுத்துவிட்டு மேலும் கீழும் உள்ள எலும்புகளை ஒன்றாகச் சேர்த்துவிடுவது. வெல்டிங் வைப்பது போல. வலி குறையலாம், ஆனால் அந்த இடம் அதற்கப்புறம் வளையாது. புது வழி, செயற்கை டிஸ்க். மேலே ஒரு உலோகத் தட்டு, கீழே ஒரு உலோகத் தட்டு, பெரும்பாலும் நடுவில் கெட்டி பிளாஸ்டிக். இடம் வளையும், அசையும். கேட்கவே நன்றாக இருக்கிறது அல்லவா? அதுதான் இதன் பலமும் ஆபத்தும்.

புது வழி என்றாலும் அவ்வளவு புதிதில்லை. ஸ்வீடனில் ஃபெர்ன்ஸ்ட்ராம் என்ற டாக்டர் 1960களிலேயே டிஸ்க் இருந்த இடத்தில் ஸ்டீல் குண்டு வைத்துப் பார்த்தார். சைக்கிள் பேரிங்கில் இருக்குமே, அந்த மாதிரி உருண்டை. அது நாளாவட்டத்தில் எலும்புக்குள்ளேயே அமிழ்ந்து போனது. அதன் பிறகு 1980களில் கிழக்கு பெர்லினில், சாரிட்டே ஆஸ்பத்திரியில், இரண்டு தட்டுக்கு நடுவே பிளாஸ்டிக் என்ற டிசைன் பிறந்தது. முதல் நோயாளிக்கு 1984ல் வைத்தார்கள். உருவாக்கிய இருவரில் ஒருவர் காரின் பியூட்னர்-யான்ஸ். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஜிம்னாஸ்டிக்ஸில் இரண்டு தங்கம் வாங்கியவர்! முதுகை வில்லாக வளைத்துப் பழகியவருக்கு, வளையாத முதுகை ஒரு தீர்வாக ஏற்க மனசு வரவில்லை போலிருக்கிறது. (இது சும்மா ஒரு ஊகம்தான்.)

ஐரோப்பாவில் இது பரவி இருபது வருடம் கழித்துத்தான், 2004 அக்டோபரில், அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. இதற்கு அனுமதி கொடுத்தது. அந்த இடைப்பட்ட காலத்தில் அமெரிக்காவில் இந்த டிஸ்க் வேண்டும் என்றால் பரிசோதனைக் குழுவில் இடம் கிடைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜெர்மனிக்கு டிக்கெட் எடுக்க வேண்டும். எடுத்தார்கள். டிஸ்க்குக்காகக் கடல் தாண்டும் பழக்கம் பெரிதாகக் கிளம்பியது அப்படித்தான். அன்றைக்குச் சொல்லப்பட்ட "இல்லை"யின் அர்த்தம், "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம், பொறு" என்பது. வலியில் இருப்பவருக்குப் பொறு என்று சொல்வது சுலபம், பொறுப்பது கஷ்டம். அவர்களை யாரும் குறை சொல்ல முடியாது.

அனுமதி வந்த பிறகு அடுத்த "இல்லை" வந்தது. இது பணம் கொடுப்பவர் சொன்னது. அமெரிக்காவில் முதியவர்களுக்கான அரசு இன்ஷூரன்ஸான மெடிகேர், 60 வயது தாண்டியவர்களுக்கு இடுப்பு டிஸ்க் மாற்ற பணம் தர முடியாது என்று 2007 ஆகஸ்டில் முடிவு செய்தது. தனியார் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளில் பலவும் "இது இன்னும் பரிசோதனை நிலை சிகிச்சை" என்று கையை விரித்தன. அதாவது செய்துகொள்ளலாம், ஆனால் சொந்தக் காசில். சொந்தக் காசு என்று ஆகிவிட்டால், எந்த ஊரில் குறைவு என்று பார்ப்பதுதானே மனித இயல்பு? சோப்பு வாங்கவே நாலு கடை ஏறி இறங்குகிறோமே.

இந்தப் பண விஷயத்தில் எல்லோரும் எடுத்துக்காட்டும் ஒரு கதை உண்டு. 2004ல் அமெரிக்காவின் வட கரோலைனாவில் ஒரு தச்சர். இன்ஷூரன்ஸ் கிடையாது. இதய வால்வு கெட்டுப்போய்விட்டது. அங்கே இரண்டு லட்சம் டாலர் வரை ஆகலாம் என்றார்கள். அவர் டெல்லிக்கு வந்து ஆபரேஷன் செய்துகொண்டார். விமானச் செலவெல்லாம் சேர்த்து சுமார் பத்தாயிரம் டாலரில் வேலை முடிந்தது. இந்தக் கதை 2006ல் அமெரிக்க செனட் கமிட்டி வரைக்கும் போனது. மருத்துவச் சுற்றுலா என்று பேச்சு எடுத்தாலே இன்றும் யாராவது இதைச் சொல்வார்கள்.

நல்ல கதைதான். ஆனால் டிஸ்க் விஷயத்துக்கு இதை உதாரணமாகக் காட்டுவது பெரிய தப்பு. அந்தத் தச்சருக்கு வால்வு ஆபரேஷன் தேவை என்பதில் எந்த நாட்டு டாக்டருக்கும் சந்தேகம் இல்லை. எங்கே, எவ்வளவுக்கு என்பது மட்டும்தான் கேள்வி. டிஸ்க்கில் அப்படி இல்லை. இந்த ஆபரேஷன் இவருக்குத் தேவையா, செய்தால் வலி போகுமா என்பதிலேயே டாக்டர்களுக்குள் ஒத்த கருத்து கிடையாது. ஒரே மாதிரி பொருள் இரண்டு கடையில் இருந்தால் விலையை ஒப்பிடலாம். பொருள் வேண்டுமா வேண்டாமா என்றே தெரியாதபோது விலைப்பட்டியலை ஒப்பிட்டு என்ன பிரயோஜனம்?

ஒரு ஆளைக் கற்பனை செய்து பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்தில் கூரியர் வேன் ஓட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வயது 42. இரண்டு குழந்தைகள். நாலு வருடமாக இடுப்பு வலி. அரை மணி நேரத்துக்கு மேல் உட்கார முடியவில்லை, ராத்திரி திரும்பிப் படுக்க முடியவில்லை. என்.ஹெச்.எஸ்.ஸில் இலவசமாக எல்லாம் பார்த்தாயிற்று. எம்.ஆர்.ஐ.யில் கடைசி டிஸ்க் கறுத்துப்போய்த் தெரிகிறது. "இதை மாற்றிவிடுங்கள்" என்கிறார். "அது எங்கள் வழக்கத்தில் இல்லை" என்கிறார்கள். எந்தச் சிகிச்சையைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கக் கூடாது என்று அங்கே வழிகாட்டும் அமைப்பு நைஸ். இடுப்பு வலிக்கு டிஸ்க் மாற்று ஆபரேஷனைக் கொடுக்க வேண்டாம் என்று அது 2016 நவம்பரில் பட்டவர்த்தனமாக எழுதிவிட்டது.

அவர் வீட்டுக்கு வருகிறார். இன்டர்நெட்டில் தேடுகிறார். இரண்டு மணி நேர விமானப் பயணத்தில் ஜெர்மனி. எம்.ஆர்.ஐ. படங்களை அனுப்பினால் போதும், சில நாளில் பதில் வரும். ஆபரேஷன், ரூம், பிசியோதெரபி எல்லாம் சேர்த்து ஒரே தொகை. ஒரு இடத்தில் கதவைச் சாத்துகிறார்கள், இன்னொரு இடத்தில் வாசலிலேயே நின்று வரவேற்கிறார்கள். நாலு வருடம் வலித்தவர் எந்தப் பக்கம் போவார்?

இங்கேதான் அவர் நின்று யோசிக்க வேண்டும். அவருக்குக் கிடைத்த "இல்லை" 2004க்கு முந்தைய அமெரிக்கர்களின் "இல்லை" அல்ல. தச்சரின் "இல்லை"யும் அல்ல. பணம் ஒரு பக்கம் இருக்கட்டும், கிடைத்த ஆதாரங்களைப் பார்த்துவிட்டுச் சொன்ன "இல்லை" இது. அதைத் தாண்டிப் போகக் கூடாது என்று சட்டம் ஒன்றும் கிடையாது. ஆனால் அதை ஒரு குமாஸ்தாவின் அலட்சியம் என்று நினைத்துக்கொண்டு தாண்டக் கூடாது.

ஆதாரம் என்ன சொல்கிறது? நார்வேயில் ஐந்து ஆஸ்பத்திரிகள் சேர்ந்து நடத்திய ஒரு ஆராய்ச்சி 2011ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. 173 நோயாளிகள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்குச் செயற்கை டிஸ்க். மீதிப் பேருக்குக் கத்தியே இல்லாமல் தீவிரமான மறுவாழ்வுப் பயிற்சி: உடற்பயிற்சி, வலியைப் பற்றிய பயத்தைப் போக்கும் ஆலோசனை, இதெல்லாம் மூன்று முதல் ஐந்து வாரம். இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் இரண்டு பக்கமும் முன்னேற்றம். ஆபரேஷன் பக்கம் அதிக முன்னேற்றம், அதை மறைக்க வேண்டியதில்லை. நூற்றுக்கு எவ்வளவு முடங்கியிருக்கிறார் என்று அளக்கும் ஸ்கேலில் 8.4 புள்ளி வித்தியாசம். ஆனால் நோயாளிக்கு உண்மையில் வித்தியாசம் தெரிய 10 புள்ளியாவது வேண்டும் என்று ஆராய்ச்சியாளர்களே முன்கூட்டி எழுதி வைத்திருந்தார்கள். அதை எட்டவில்லை. அதோடு, ஆபரேஷன் பக்கத்தில் ஒருவருக்கு நடுவில் இருந்த பிளாஸ்டிக் நழுவியது. அதைச் சரிசெய்யப் போன இரண்டாவது ஆபரேஷனில் ரத்தக்குழாய் அடிபட்டு, கடைசியில் காலின் கீழ்ப்பகுதியையே எடுக்க வேண்டி வந்தது.

இந்த எண்களை வைத்து "பார்த்தீர்களா, ஆபரேஷன் ஃபிராடு" என்று கத்துவதும் அபத்தம். 8.4 என்பது சராசரி. சராசரிக்குள் ஒருவர் எழுந்து ஓடியிருப்பார், ஒருவர் அப்படியே படுத்திருப்பார். லீட்ஸ்காரர் அந்த இருவரில் யார் என்பதுதான் கேள்வி. அதைச் சொல்ல வேண்டியது ஒரு நல்ல டாக்டர். எம்.ஆர்.ஐ. படம் மட்டும் அதைச் சொல்லாது. வலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன்களைப் பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து 2015ல் ஒரு கட்டுரை வந்தது. வலி இல்லாத இருபது வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது. எண்பது வயதில் 96 சதவீதம். வகுப்பில் கடைசி பெஞ்சில் தூங்கிக்கொண்டிருக்கும் பயல்களை வரிசையாக ஸ்கேன் எடுத்தால் மூன்றில் ஒருவனுக்கு "டிஸ்க் போய்விட்டது" என்று ரிப்போர்ட் வரும்! கறுத்துப்போன டிஸ்க் இருக்கிறது, வலியும் இருக்கிறது. அந்த டிஸ்க்கால்தான் அந்த வலி என்று சொல்ல இன்னும் நிறைய பரிசோதனை வேண்டும். பின்பக்க மூட்டுகள் தேய்ந்திருந்தால், எலும்பு பலமில்லாமல் இருந்தால், ஒரு கட்டை இன்னொன்றின் மேல் சறுக்கியிருந்தால், செயற்கை டிஸ்க் வைப்பதே தப்பு. இதையெல்லாம் மெயிலில் வந்த படத்தைப் பார்த்து ஓரளவு சொல்லலாம். ஆளைப் படுக்க வைத்துக் காலைத் தூக்கிப் பார்க்காமல் முழுதாகச் சொல்ல முடியாது.

சரி, படத்தைப் பார்த்து "வாருங்கள்" என்றார்கள் என்றே வைத்துக்கொள்வோம். டெபாசிட் கட்டியாகிவிட்டது. டிக்கெட் எடுத்தாகிவிட்டது. வேலையில் லீவு சொல்லி, மாமியாரை வரவழைத்துக் குழந்தைகளை விட்டுவிட்டு, அக்கம்பக்கமெல்லாம் "நல்லபடியா போயிட்டு வாங்க" என்று வழியனுப்பி வைத்துவிட்டார்கள். ஜெர்மனியில் ஆபரேஷனுக்கு முந்தின நாள் டாக்டர் நேரில் பரிசோதிக்கிறார். அவருக்குச் சின்னதாக ஒரு சந்தேகம் வருகிறது. "வேண்டாம், திரும்பிப் போங்கள்" என்று அவர் சொல்வாரா? நல்லவர் சொல்வார். சொன்னால் இவர் கேட்பாரா?

இதற்குப் பெயர் சங்க் காஸ்ட். பரீட்சையில் இரண்டு மார்க் கேள்வி. திரும்பி வராத செலவை அடுத்த முடிவில் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று எழுதினால் முழு மார்க். ஆனால் வெளிநாட்டு ஆஸ்பத்திரியின் வெள்ளைப் படுக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த விதியைக் கடைப்பிடிக்கத் தைரியம் வராது. வீடு திரும்பி எல்லோரிடமும் "சும்மா போய்ட்டு வந்தேன்" என்று சொல்ல வேண்டுமே. உள்ளூரில் என்றால் "யோசித்துச் சொல்கிறேன்" என்று எழுந்து பஸ் பிடித்து வந்துவிடலாம். தூரம் அந்தச் சுதந்திரத்தைப் பறித்துவிடுகிறது. அதனால் பரிசோதனைக்கு ஒரு பயணம், ஆபரேஷனுக்குத் தனியாக இன்னொரு பயணம் என்று பிரித்துக்கொள்வது நல்லது. ஒரு டிக்கெட் காசு வீண்தான். ஆபரேஷன் கட்டணத்துக்கு முன்னால் அது எம்மாத்திரம்?

அடுத்தது இன்னொரு காமர்ஸ் சமாச்சாரம். பேலன்ஸ் ஷீட்டுக்கு அடியில் பொடி எழுத்தில் கன்டின்ஜென்ட் லயபிலிட்டி என்று போடுவார்களே, இன்றைக்குக் கடன் இல்லை, ஆனால் நாளைக்கு வரலாம் என்பது. பேக்கேஜ் விலையில் அது இருக்காது. இடுப்பு டிஸ்க்கை முதுகுப் பக்கமாக வைப்பதில்லை. வயிற்றைத் திறந்து, குடலை ஒதுக்கி, உடம்பின் மிகப் பெரிய ரத்தக்குழாய்களை ஜாக்கிரதையாக நகர்த்தி, முன்பக்கமாக வைக்கிறார்கள். முதல் தடவை அந்தக் குழாய்கள் சுலபமாக நகரும். பிற்காலத்தில் டிஸ்க்கை எடுக்கவோ மாற்றவோ மறுபடி அதே வழியில் போனால், தழும்பு கட்டிய திசு எல்லாவற்றையும் ஒன்றோடொன்று ஒட்டிப் போட்டிருக்கும். நார்வே நோயாளியின் கதை ஞாபகம் இருக்கிறது அல்லவா? 42 வயதில் வைத்துக்கொள்ளும் ஒரு பொருள் இன்னும் முப்பது நாற்பது வருடம் உடம்பில் இருக்க வேண்டும். அதற்குள் பிரச்னை வந்தால் யார் பார்ப்பார்கள்?

லீட்ஸில் அவசரம் என்று போனால் என்.ஹெச்.எஸ். கைவிடாது. ஆனால் தாங்கள் வைக்காத, தங்கள் ஊரில் அதிகம் புழங்காத ஒரு பொருளை, இன்னொருவர் போட்ட தழும்பு வழியாகப் போய் எடுக்க எந்த சர்ஜனும் முந்திக்கொண்டு வரமாட்டார். வைத்தவரிடமே போகலாம் என்றால் அதற்குத் தனிக் கட்டணம், தனி டிக்கெட். வைத்தவர் ரிடையர் ஆகியிருக்கலாம். கம்பெனியே அந்த மாடலை நிறுத்தியிருக்கலாம். 2004ல் அமெரிக்க அனுமதி வாங்கிய முதல் டிஸ்க் இன்று விற்பனையில் இல்லை. செல்போன் மாடல் போய்விட்டால் புதிது வாங்கிக்கொள்ளலாம்...

ஐரோப்பாவில் கிடைக்கிறது, ஆகவே நல்லதாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கையிலும் ஒரு ஓட்டை உண்டு. ஐரோப்பாவில் சி.இ. முத்திரை கொடுப்பது அரசாங்கம் இல்லை. அரசு அங்கீகாரம் பெற்ற தணிக்கை நிறுவனங்கள்தான் கொடுக்கின்றன. அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான நோயாளிகளை வைத்து நிரூபித்த பிறகே நுழைய முடிந்த பொருட்கள் பல, ஐரோப்பாவில் அதைவிடக் குறைந்த ஆதாரத்தோடு சந்தைக்கு வந்தன. பிரிட்டிஷ் கம்பெனி ஒன்று உலோகமே இல்லாமல் பாலியூரித்தேனில் செய்த கேடிஸ்க்-எல் என்ற டிஸ்க் அப்படித்தான் வந்தது. அதை வைத்துக்கொண்ட பலருக்கு உள்ளேயே நகர்ந்தும் உடைந்தும் போய், மறுபடி ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டியதாயிற்று. 2018 நவம்பரில் பல நாட்டுப் பத்திரிகையாளர்கள் சேர்ந்து வெளியிட்ட இம்ப்ளான்ட் ஃபைல்ஸ் புலனாய்வில் இந்தக் கதை வெளிச்சத்துக்கு வந்தது. அதை வைத்துக்கொண்டவர்களும் லேட்டஸ்ட் டெக்னாலஜி என்று நம்பித்தான் படுத்திருப்பார்கள். 2021 மே முதல் ஐரோப்பிய விதிகள் கடுமையாகிவிட்டன. நல்லது. ஆனால் "அமெரிக்காக்காரன் லேட், ஐரோப்பாக்காரன் ஃபாஸ்ட்" என்று பேசியவர்கள், ஃபாஸ்டுக்கு யார் விலை கொடுத்தார்கள் என்பதையும் பார்க்க வேண்டும்.

எல்லை தாண்டிய வைத்தியத்தில் இன்னொரு ஆபத்து உண்டு. அதைப் புரிந்துகொள்ள ஜெர்மனி வரை போக வேண்டியதில்லை, சென்னை கிரீம்ஸ் ரோடு போதும். அங்கே லாட்ஜ் போர்டுகளிலும் ஹோட்டல் மெனுக்களிலும் வங்காள எழுத்து இருக்கும். வைத்தியத்துக்கு வரும் கொல்கத்தாக்காரர்களும் பங்களாதேஷ்காரர்களும்தான் காரணம். 2020ல் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது, ஆறு மாதத்தில் ரிவியூவுக்கு வரச் சொல்லப்பட்ட வெளிநாட்டு நோயாளிகள் என்ன செய்திருப்பார்கள்? 2024 ஆகஸ்டில் டாக்காவில் ஆட்சி மாறியதும் பங்களாதேஷுக்கான இந்திய விசா திடீரென்று சுருங்கிவிட்டது. அவர்களுடைய ஃபைலும் டாக்டரும் இங்கே, உடம்பு அங்கே. ஆபரேஷன் தேதி குறித்த அன்று யாரும் அரசியலைக் கணக்கில் சேர்த்திருக்க மாட்டார்கள். இரண்டு மணி நேரப் பயணம்தானே என்று லீட்ஸ்காரர் நினைப்பதும் அதே மாதிரிதான்.

இவ்வளவும் படித்துவிட்டு, போகவே கூடாது என்று சொல்கிறதா இந்தக் கட்டுரை என்று கேட்டால், இல்லை. "வலியோடு வாழப் பழகிக்கொள்" என்று வலி இல்லாதவர்கள் சொல்வதைப் போல எரிச்சலூட்டும் விஷயம் வேறு கிடையாது. நிபுணர்கள் சொன்னதை எதிர்த்து நின்று ஜெயித்தவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்க ஐஸ் ஹாக்கி வீரர் ஜாக் ஐக்கெல். 2021ல் கழுத்து டிஸ்க் பிதுங்கியது. எலும்பைச் சேர்த்துவிடும் ஆபரேஷன்தான் என்று அவருடைய பஃபலோ அணி பிடிவாதம் பிடித்தது. அவர் செயற்கை டிஸ்க்தான் வேண்டும் என்றார். அந்த லீகில் அதுவரை எந்த வீரரும் அதைச் செய்துகொண்டதில்லை. கேப்டன் பதவியைப் பறித்தார்கள். மாதக்கணக்கில் உட்கார வைத்தார்கள். கடைசியில் வேகஸ் அணிக்கு மாறி, 2021 நவம்பரில் தான் கேட்ட ஆபரேஷனையே செய்துகொண்டு, 2022 பிப்ரவரியில் களம் இறங்கி, 2023ல் ஸ்டான்லி கோப்பையையும் வாங்கிவிட்டார்! கழுத்து டிஸ்க் இடுப்பு டிஸ்க்கிலிருந்து வேறுபட்ட கதை, அங்கே ஆதாரம் இன்னும் பலமானது என்பதை மட்டும் மறக்கக் கூடாது. ஐக்கெலுக்குக் கிடைத்த "இல்லை" முதலாளி சொன்னது. அவர் பக்கத்தில் நின்று "சரி" என்று சொன்ன டாக்டர்கள் அவர் சொந்த நாட்டிலேயே இருந்தார்கள். ஆபரேஷனுக்குப் பிறகும் அவர்கள் ஒரு போன் தூரத்தில்தான்.

லீட்ஸ்காரருக்கு அது வாய்க்காது என்பதால்தான் அவர் கூடுதலாகக் கேட்க வேண்டியிருக்கிறது. முதலில், இந்த ஆபரேஷனால் ஒரு பைசா லாபம் பார்க்காத ஒரு முதுகெலும்பு டாக்டரிடம், ஆளை நேரில் பார்த்து ஒரு கருத்து. அவரும் "உங்களுக்கு இது பொருந்தும், இங்கே செய்ய வழியில்லை, அவ்வளவுதான்" என்று சொன்னால் கதையே மாறிவிடுகிறது. அப்போது விமானம் ஏறுவதில் தப்பே இல்லை. இரண்டாவது, நார்வேக்காரர்கள் கொடுத்த மாதிரியான பயிற்சியை உண்மையாகவே முழுசாகச் செய்து பார்த்தாரா, அல்லது நாலு தடவை பிசியோவுக்குப் போய்விட்டு விட்டுவிட்டாரா என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். (பெரும்பாலானவர்களின் பதில் அவர்களுக்கே தெரியும்.) மூன்றாவது, திரும்பி வந்த பிறகு தன்னைப் பார்த்துக்கொள்ள உள்ளூரில் ஒரு சர்ஜன் சம்மதிக்கிறாரா? டெபாசிட் கட்டுவதற்கு முன்னால், எழுத்தில். யாரும் சம்மதிக்கவில்லை என்றால் அதுவும் ஒரு தகவல்தான். பேக்கேஜ் விலையைவிடப் பெரிய தகவல்.

அந்த ஜெர்மன் ஆஸ்பத்திரியிடமும் சில கேள்விகள். வைக்கப்போகும் டிஸ்கின் பெயர் என்ன, அது சந்தைக்கு வந்து எத்தனை வருடம்? ஆபரேஷன் குறிப்பு ஆங்கிலத்தில் கிடைக்குமா? வரும் நோயாளிகளில் எத்தனை பேரை "உங்களுக்கு வேண்டாம்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்? பத்து வருடத்துக்கு முன் செய்துகொண்டவர்களில் எத்தனை பேர் இன்னும் உங்கள் தொடர்பில் இருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேருக்கு இரண்டாவது ஆபரேஷன்? இந்தக் கடைசி இரண்டுக்கும் எண்ணில் பதில் சொல்லும் ஆஸ்பத்திரி என்றால் மேற்கொண்டு பேசலாம். "எங்கள் நோயாளிகள் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள்" என்று பதில் வந்தால், கிரெடிட் கார்டை மறுபடி பர்ஸுக்குள் வைத்துவிட வேண்டியதுதான்.